சர்வர் சொன்னதே சத்தியம் என்றவர்

ஞானதாஸ் சார் காலமானார் என்ற செய்தி, கீரிப்பாறையிலிருந்து எஸ்டேட் பஸ்ஸில் இறங்கிவரும் வழியில் கிடைத்தது. சிக்னல் வந்ததும் போனில் முதலில் விழுந்தது அதுதான். இறந்தவரைக் குறை சொல்லக் கூடாது என்பார்கள். எனக்கு அந்தப் பெரிய மனசு கிடையாது.

அருமனையில் நண்பர்கள் நடத்தும் மின்நூல் வட்டத்துக்கு அவர்தான் எல்லாம். சர்வரை அமைத்தவர் அவர். மின்நூல் கருவியான ரீடரில் நாங்கள் படித்த பக்கம், ஓரத்தில் எழுதிய குறிப்பு எல்லாம் நெட் கிடைத்ததும் அதில் போய்ச் சேரும். விடியற்காலையில் கூப்பிட்டாலும் போனை எடுப்பார். அதையும் சொல்லிவிட வேண்டும்.

நான் கீரிப்பாறை மலையில் பள்ளி ஆசிரியை. முனைவர் பட்ட ஆய்வுக்காக ஒரு மழைக்காலம் முழுக்க ரீடரிலேயே குறிப்பு எழுதினேன். அங்கே நெட் கிடையாது. மழை பிடித்தால் நாள்கணக்கில் கரண்டும் கிடையாது. சார்ஜ் அடியோடு தீர்ந்தால் அந்தச் சனியனின் தேதி பல வருடம் பின்னால் போய்விடும்; பிறகு எழுதுவதெல்லாம் அந்தப் பழைய தேதியிலேயே பதியும். எனக்கு அது தெரியாது. அருமனைக்கு வந்து நெட்டில் இணைத்தேன். எதன் தேதி புதிதோ அதுதான் நிற்கும் என்பது சார் வைத்த ரூல். நான் எழுதியதையெல்லாம் பழசு என்று எடுத்துக்கொண்ட சர்வர், தன்னிடமிருந்த வெறும் பக்கங்களை என் ரீடரில் கொட்டியது. ஒரு குறிப்புகூட மிஞ்சவில்லை.

"டீச்சரே, தேதி பாத்து வைக்காதது உங்க தப்பாக்கும். சர்வர் சொல்லுறதுதான் சத்தியம்" என்றார் சார்.

"மலையில ஒரு வாரம் வந்து இருந்து பாருங்க சார். அப்பம் தெரியும் சத்தியம்."

"ஒருத்தருக்காக ரூல மாத்த முடியாது."

மாற்றவில்லை. வருத்தம் என்று ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. வயிறெரிந்து ஆய்வையே விட்டேன்.

அடக்கம் முடிந்து கிளம்பும்போது அவர் மனைவி லில்லி அக்கா அவருடைய ரீடரை என் கையில் தந்தார்கள்.

"பிள்ளையளுக்கு என்னமோ எழுதி வச்சிருக்காரு டீச்சரே. சர்வர்ல ஏத்தித் தாருங்க. அவரு இத ஒருநாளும் நெட்டுல போட்டது கிடையாது. எழுதினது போயிருமுண்ணு பயம்."

அடப்பாவி மனுஷா! திறந்து பார்த்தேன். அவர் எழுதியதிலும் தேதி பல வருடம் பின்னால் கிடந்தது. நெட்டில் இணைத்தால் போதும், சர்வரில் அவர் பேரில் கிடக்கும் வெறும் பக்கங்கள் வந்து விழுந்து அத்தனையும் போய்விடும். உண்மையைச் சொல்கிறேன், விரல் நெட் பட்டனுக்குப் போனது.

"அக்கா, ஒரு நோட்டும் பேனாவும் எடுங்க" என்றேன். கை கடுக்கும்வரை உட்கார்ந்து ஒரு வரி விடாமல் எழுதிக் கொடுத்தேன். மன்னித்துவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

போய் வாருங்கள், சார். நீங்கள் எழுதியது பத்திரமாக இருக்கிறது. என்னுடையது போனது போனதுதான்.