ஆக்சிஜன் பாட்டிலும் என் வயிற்றெரிச்சலும்

விமலா எங்கள் வார்டுக்கு வந்த முதல் நாளே எனக்கு அவளைப் பிடிக்கவில்லை. எண்பதுகளின் கடைசி. அரியலூர்ப் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. பிரசவ வார்டில் பன்னிரண்டு வருஷமாக நான்தான் சீனியர் நர்ஸ். அவளோ திருச்சியில் குறைமாதக் குழந்தைகள் வார்டில் வேலை பார்த்துவிட்டு வந்தவள். ரவுண்ட்ஸ் வந்த டாக்டரம்மா என்னைத் தாண்டி அவளிடம், "நீ என்னம்மா சொல்றே?" என்று கேட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எங்கள் பக்கத்து சனங்கள் நர்ஸை எடைபோடுவது ஆக்சிஜன் பாட்டிலை வைத்துத்தான். சிலிண்டர் காற்று ஒரு தண்ணீர் பாட்டில் வழியாகப் போகும். குமிழி எவ்வளவு வேகமோ அவ்வளவு நல்ல கவனிப்பு என்பது அவர்கள் கணக்கு. என் பாட்டில் எப்போதும் உலை கொதிப்பதுபோல் கொதிக்கும்.

வரதராஜன்பேட்டை ஆரோக்கியமேரிக்கு எட்டாம் மாசத் தொடக்கத்திலேயே ஆண் குழந்தை பிறந்து மூச்சுத் திணறியது. ஆக்சிஜன் வைத்ததும் நிறம் திரும்பியது. விமலா வால்வைத் திருகிக் குமிழியைக் குறைத்தாள்.

"அக்கா, செவந்துட்டான், இது போதும். கூடிப்போனா ஆக்சிஜனே நுரையீரலைப் புண்ணாக்கிடும். அதைத் தாங்குற என்சைமெல்லாம் கர்ப்பத்தோட கடைசி சில வாரத்துலதான் குழந்தை உடம்புல சேருது. இவன் அதுக்கு முன்னாடியே வந்துட்டான்."

"எனக்கே பாடம் எடுக்குறியா?" என்றேன்.

அவள் நகர்ந்ததும் ஆரோக்கியமேரி என் கையைப் பிடித்தாள். "சிஸ்டர், அந்தப் புது அம்மா காத்தக் கொறச்சுட்டாங்க. நீங்களாச்சும் பாருங்க."

அந்த 'நீங்களாச்சும்' எனக்குத் தேனாக இனித்தது. மூன்று நாள், விமலா சாப்பிடப் போன நேரமெல்லாம் வால்வைத் திறந்துவிட்டேன். நான்காம் நாள் அவள் பாதியில் திரும்பி வந்துவிட்டாள். பாட்டிலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், வால்வைத் திருகினாள். டாக்டரம்மாவிடம் சொல்லவில்லை. ஆனால் அதன்பிறகு அந்தக் குழந்தையை விட்டுச் சாப்பிடவும் போகவில்லை.

குழந்தை தேற ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. அதில் எத்தனை நாள் என்னால் கூடியது என்று யாராலும் சொல்ல முடியாது.

வீட்டுக்குப் போகும் அன்று ஆரோக்கியமேரி குழந்தையை என் மடியில் போட்டாள். "நீங்க தொறந்துவுட்ட காத்துலதான் எம்புள்ள பொழச்சுது சிஸ்டர்."

விமலா பக்கத்தில்தான் நின்றாள். குழந்தையின் துணியை இழுத்துப் போர்த்திவிட்டாள்.

வால்வில் கை வைக்கும் இளையவர்களுக்குச் சொல்கிறேன்: குழந்தையின் நிறத்தைப் பாருங்கள், பெற்றவர்களின் முகத்தைப் பார்க்காதீர்கள். அன்று அந்தத் தாயிடம் நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாததற்குக் காரணம் பயமல்ல. அந்த நன்றியைக்கூட விமலாவுக்கு விட்டுக்கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.