ஃபோன் மறக்காத வரி

ஆஸ்திரேலியாவின் ராக்ஹாம்ப்டனில் பள்ளிப் பேருந்து ஓட்டும் கிளெனிஸ், ஒரு கொலை வழக்கில் ஜூரியாக உட்கார்ந்ததிலிருந்து ஃபேஸ்புக் பக்கமே போகவில்லை. "யாராவது முன்கூட்டியே முடிவு பண்ணிட்டீங்களா?" என்று நீதிபதி கேட்டபோது அவள் கை தூக்கவில்லை. அப்படி எதுவும் அவளுக்கு ஞாபகமில்லை.

ஜூரி தீர்ப்புச் சொல்ல வேண்டிய நாள் காலையில், 'இதே நாளில் உங்கள் நினைவுகள்' என்று ஃபோன் தானாகவே பழைய ஃபேஸ்புக் பதிவொன்றை நீட்டியது. குற்றவாளிக் கூண்டில் நிற்பவன் கைதான அன்று, அவன் படத்தின்கீழ் அவளே எழுதியது: "இவன்தான் செஞ்சான். மூஞ்சியப் பாத்தாலே தெரியுது."

நீதிமன்றப் படியில், ஜூரியில் பக்கத்து இருக்கைக்காரனான டாரலிடம் காட்டினாள்.

"அழிச்சிடு. யாருக்குத் தெரியப்போவுது?"

"உனக்குத் தெரியுமே, டாரல். லைக் போட்டவங்கள்ல மொதப் பேரு உன்னோடதுதான். வா, ரெண்டு பேருமா போய் நீதிபதிகிட்ட சொல்லுவோம்."