ஜாலான் புசாரில் அம்மாவும் ஒரு கேஸ்கெட்டும்

டீசலும் கொதித்த தண்ணீரும் கலந்த ஒரு வாடை, எங்கள் வீட்டுச் சாம்பார் வாசனையையே அமுக்கிவிட்ட வாரம் ஒன்று உண்டு. அறுபதுகளின் தொடக்கம் அது. அப்பா இறந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அவர் விட்டுப்போன சொத்து என்று பார்த்தால், சிராங்கூன் சாலையின் பின்சந்தில் எங்கள் வாடகை வீட்டு வாசலை அடைத்துக்கொண்டு நின்ற பழைய லாரி ஒன்றுதான். பொங்கோல் பண்ணைகளுக்குக் கோழித் தீவனம் ஏற்றிப்போய் எங்களுக்குச் சோறு போட்ட அந்த லாரி, ஒரு நாள் வெள்ளைப் புகை கக்கி நின்றுவிட்டது.

அப்பாவுக்குப் பிறகு வண்டியோட்ட வந்த காசிம் அண்ணன் திறந்து பார்த்துவிட்டு, எஞ்சினின் தலைக்கும் உடம்புக்கும் நடுவில் இருக்கும் செம்புத் தகடு, அதுதான் 'கேஸ்கெட்', எரிந்துபோச்சு என்றார். லாரியின் பெயரைச் சொல்லி அவர் வாங்கிவந்த புதுத் தகடு பொருந்தவில்லை. அப்போதுதான் எங்களுக்கே தெரிந்தது, அப்பா எப்போதோ பழைய எஞ்சினைக் கழற்றிவிட்டு வேறொன்றை மாட்டியிருக்கிறார் என்று. என்ன எஞ்சின் என்று யாரிடமும் அவர் சொன்னதில்லை. பெயர்த்தகடு இருந்த இடத்தில் ஆணித்துளைகள்தான் மிச்சம்.

சித்தப்பா உடனே வந்துவிட்டார்.

"அண்ணி, இது பேரு ஊரு இல்லாத எஞ்சின் லா. பார்ட்ஸ் எங்கயும் கிடைக்காது. இரும்பு விலைக்கு நானே எடுத்துக்கிறேன்."

"இத்தன நாளா ஓடுச்சுல்ல தம்பி? அப்ப இதுக்கு ஜோடி எங்கயோ இருக்கும்" என்றாள் அம்மா.

பண்ணைக்காரர்கள் வேறு லாரி பிடித்துவிட்டால் எங்கள் கதை முடிந்தது. எரிந்த தகட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அம்மா கிளம்பினாள். பள்ளிச் சீருடையோடு நானும் பின்னால் ஓடினேன். "புருஷன் போயி வருஷம் திரும்பல, கடைத்தெருவுக்குக் கிளம்பிட்டா பாரு" என்று பக்கத்து வீட்டில் ஒரு குரல். அம்மா திரும்பிக்கூடப் பார்க்காமல், "வருஷம் திரும்புறவரைக்கும் நீங்க சோறு போடுறீங்களா?" என்று கேட்டாள்.

வண்டி உதிரிபாகக் கடைகள் வரிசைகட்டிய ஜாலான் புசாரில் எந்தக் கடையில் ஏறினாலும் முதலில் லாரியின் பெயரைத்தான் கேட்டார்கள். அம்மா பெயரையே சொல்லவில்லை. தனக்குத் தெரிந்த சந்தை மலாயில், "இதை வைத்துப் பாருங்கள்" என்று தகட்டை மேசைமேல் போட்டுவிடுவாள். கடைக்காரர்கள் தங்கள் சரக்கை அதன்மேல் வைத்துப் பார்ப்பார்கள்; பெரிய துளைகள் பொருந்தினால் தண்ணீர் போகும் சின்னத் துளைகள் பொருந்தாது. 'தா அடா', 'தா அடா' என்று கடைக்குக் கடை இல்லை பாட்டுதான். அம்மாவின் வெள்ளைப் புடவையில் கருப்பு எண்ணெய் இடுப்புவரை வழிந்திருந்தது. துடைக்கக்கூட நிற்கவில்லை அவள்.

கடைசியில் கயிறும் படகு விசிறியும் தொங்கிய ஒரு கடையில், சீனக் கிழவர் ஒருவர் இரண்டு தகடுகளையும் சேர்த்துப் பிடித்து வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். அத்தனை துளையிலும் வெளிச்சம் வந்தது. "போட் பூஞா!" என்று விழுந்து விழுந்து சிரித்தார். படகினுடையதாம்! இத்தனை காலம் எங்களைப் பொங்கோலுக்கு இழுத்துப் போனது ஒரு படகு எஞ்சின்!

மறுநாள் காசிம் அண்ணன் தகட்டை மாட்டி முடுக்க, லாரி உறுமியது. சித்தப்பாவுக்குத் தாங்கவில்லை. "அப்படின்னா வண்டிய காத்தோங் கடல்ல இறக்கிடுங்க அண்ணி!" என்றார்.

"இறக்குறேன் தம்பி. நீங்க கரையில நின்னு கையாட்டுங்க."

அந்த லாரி இன்னும் பல வருஷம் ஓடித்தான் எங்களைப் படிக்க வைத்தது. இன்று லாரியும் இல்லை, அம்மாவும் இல்லை; அந்தப் படகுக்கடை இருந்த இடத்தில் ஓட்டல் ஒன்று குளிரூட்டிக்கொண்டு நிற்கிறது. கல்யாணப் பந்திகளில் யாராவது என்னிடம், "பாவம், உங்க அம்மா தெருத்தெருவா அலைஞ்சாங்க" என்று உச்சுக்கொட்டுவார்கள். அந்தப் பரிதாபத்தை நான் வாங்கிக்கொள்வதில்லை. இலையில் இன்னொரு வடை வைக்கச் சொல்லிவிட்டு, கரையில் நின்ற சித்தப்பாவின் கதையை, பந்தி முழுக்கக் கேட்கிற மாதிரி ஆரம்பித்துவிடுவேன்.