சத்தம் மாறும்போது

பக்கத்துக் காட்டில் தண்ணீருக்குப் போர் போடுகிறார்கள். ரிக் வண்டி பாறையைக் குடைகிற சத்தம் என் சமையலறைத் தட்டுகளில் அதிர்கிறது. திடீரென்று சத்தம் மாறுகிறது. கரண்டியோடு என் வலது கை தானாக மேலே போகிறது.

அது என் கணவரின் பழக்கம். திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளில் குழாயருகே நின்றே நரைத்தவர். சத்தம் மாறினால் உள்ளே பாறை பிளந்திருக்கிறது. உடனே கை தூக்க வேண்டும், லீவர் பிடிப்பவர் நிறுத்திவிடுவார்.

அவருக்குத் தலைவலியில் தொடங்கியது. பிறகு இடது கையிலிருந்து டம்ளர் நழுவியது. மூளையில் கட்டி. கையை இயக்கும் நரம்புகளுக்கும் கட்டிக்கும் நடுவே இடைவெளி இருந்தால்தான் அறுவை சிகிச்சை என்றார்கள். அதைப் பார்க்க அஸ்தம்பட்டியில் எம்.ஆர்.ஐ (காந்தத்தால் உடலின் உள்ளே படமெடுப்பது).

அந்த எந்திரமும் தட்டியது, தாளம் மாற்றி மாற்றி. ஒவ்வொரு மாற்றத்துக்கும் அவர் கை எழுந்தது. கையைக் கட்டினால் தலை திரும்பியது.

“ஏனுங்க, அசையக் கூடாதுன்னு சொன்னாங்கல்ல?”

“நானா அசைக்கறேன்? சத்தம் மாறியும் சும்மா படுத்திருந்தா, குழாய் மாட்டிக்கிட்டா ஆரு பதில் சொல்றது?”

படத்தில் அவர் தலைக்கு அருகே அவர் தலையே இன்னொரு முறை, மங்கலாக. அசைந்தால் இப்படி ஆவி போல நிழல் விழும் என்றார் ஸ்கேன் மருத்துவர். மயக்கம் கொடுத்து எடுக்கலாம். ஆனால் கல்தூசி தின்ற நுரையீரல். அந்த ஒரு மயக்கத்தை அறுவைக்கு வைத்துக்கொள்வோம் என்றார்.

பதிலாகச் சொன்னதுதான் கம்ப்ரஸ்டு சென்சிங் (எல்லா அளவுகளையும் எடுக்காமல், அங்கங்கே சிலவற்றை மட்டும் எடுத்து, முழுப் படத்தையும் கணக்கால் மீட்பது). சீக்கிரம் முடிந்துவிடும்.

“எடுக்காத எடத்துல இருக்கறத எப்படிங்க நம்பறது?” என்று கேட்டேன்.

“குருட்டு ஊகம் இல்லம்மா. எடுத்த அளவு அத்தனைக்கும் ஒத்துவர்ற படம்தான் வரும். ரொம்பப் பொடிசா இருக்கறது மட்டும் தப்பலாம். நமக்கு வேண்டிய இடைவெளி தெரியும்.”

“வெளிய வர்ற மண்ணப் பாத்தே உள்ள என்னன்னு நாங்க சொல்றமே, அந்த மாதிரிதான் புள்ள,” என்று அவர் சிரித்தார்.

இந்த முறை ஒரு தாளம் தொடங்கி, கை எழுவதற்குள் முடிந்தது. படம் தெளிவு. இடைவெளி, மெல்லிய கோடாக, இருந்தது.

உங்கள் வீட்டிலும் அசையாமல் படுக்க முடியாதவர் இருந்தால், இப்படி எடுக்க முடியுமா என்று கேளுங்கள். படம் பொய் சொல்லவில்லை. அறுவையில் திறந்து பார்த்தபோது கட்டி அதே இடத்தில், அதே விளிம்போடு இருந்ததாம். நுரையீரல்தான் தாங்கவில்லை. அவர் மயக்கத்திலிருந்து திரும்பவில்லை.

தெளிவான படத்தை மருத்துவமனையிலேயே விட்டுவிட்டேன். கெட்டுப்போன முதல் படம் பீரோவில் இருக்கிறது. அதில்தான் அவர் இன்னும் அசைகிறார். எனக்கு நாள் என்பது இப்போது ஒரு சத்தத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் இருப்பது. என் வலது கை பாதி என்னுடையது.

அன்று அறுவை அறையின் கதவருகே அவருடைய தள்ளுபடுக்கை நின்றது. அவர் என்னைக் கிட்டே கூப்பிட்டார்.

“உள்ள எனக்கு ஒண்ணும் கேக்காதாம் புள்ள. எப்பக் கை தூக்கறதுன்னு எப்படித் தெரியும்?”

“நான் வெளிய நின்னு கேட்டுட்டே இருக்கறேங்க. மாறுச்சுன்னா நான் தூக்கறேன்.”

“அப்பச் சரி. வாரேன்.”