போயா நாளில் விழுந்த விலைகள்

எங்கள் மேலதிகாரியை எனக்கு முதல் நாளிலிருந்தே பிடிக்காது. திருகோணமலையில், துறைமுகம் தெரியும் மேல்மாடி அறையில் வேலை செய்கிற எங்கள் இரண்டு பேரையும் கொழும்பிலிருந்து காணொளியில் ஏசாவிட்டால் அந்தாளுக்குக் காலைத் தேநீர் இறங்காது.

மற்றவள் கிண்ணியாவிலிருந்து பஸ்ஸில் வருகிறவள். பங்குச் சந்தை விலைக் கோப்புகளைச் சரிபார்த்து ஏற்றுவது அவள் வேலை. அந்த விலைகளைத் திகதிவாரியாகப் பிரித்துக் கொடுக்கிற லைப்ரரி என்கிற நிரல்தொகுப்பைப் பார்ப்பது நான். அறிக்கையில் சில நாட்களின் விலைகள் காணாமல் போனதும் அந்தாள் ஒன்றும் விசாரிக்கவில்லை. காலைக் கூட்டத்தில் முழு அலுவலகத்துக்கும் முன்னால், "நீங்கள் கோப்பைத் திறந்தாவது பாக்கிறனீங்களா? மாதக் கடைசியோட வேலையை விடுங்கோ" என்றான். "நான் எல்லாம் ஏத்தினனான் சேர்" என்று அவள் சொல்லி முடிக்கமுன் அவளுடைய மைக்கை அணைத்துவிட்டான். அவள் சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அன்றைக்கே லைப்ரரியைக் கிண்டினேன். புதிதாக வரத் தொடங்கிய கோப்புகளில் நாங்கள் எழுதுவதுபோல நாள் முதலில், மாதம் பிறகு. எங்கோ வெளிநாட்டில் எழுதிய லைப்ரரியோ மாதத்தை முதலில் எதிர்பார்க்கிறது. மே நான்காம் திகதி, ஏப்ரல் ஐந்தாகிவிடும். பதின்மூன்றாம் மாதம் என்று ஒன்று இல்லாததால், பதின்மூன்றாம் திகதி தொடக்கம் மட்டும் சத்தம்போடாமல் தன்னைத் திருத்திக்கொள்ளும். அதனால்தான் ஒருவர் கண்ணிலும் படவில்லை.

ஆனால் பிழையான திகதியிலென்றாலும் விலை எங்கேயாவது இருக்கவேண்டுமே! இன்னும் கிண்டியபோது, எங்கள் அலுவலகத்தில் அதற்குள் பிறகு சேர்த்த ஒரு வரி அகப்பட்டது: போயா நாளில் விலை வந்தால் குப்பை, எறிந்துவிடு. பௌர்ணமி விடுமுறையான போயாவுக்குச் சந்தை பூட்டு என்பது இந்த நாட்டில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். அந்தத் துணிச்சலில் எழுதிய வரி. திகதி புரண்டு போயாவில் விழுந்த நல்ல விலையெல்லாம் அதோடு போய்விட்டது. எழுதியவர் யார் என்று பார்த்தேன். அந்தாளேதான். சிரிப்பு வந்தது, நல்ல சிரிப்பு இல்லை.

நாள்தான் முதலில் என்று லைப்ரரிக்குச் சொல்லிக்கொடுத்தேன். எறிகிற வரியை வெட்டினேன். அது யாருடைய வரி, அதனால் என்ன நடந்தது என்று குறிப்பில் எழுதி எல்லோருக்கும் அனுப்பினேன்.

பின்னேரம் அந்தாள் அவளைத் தனியாக அழைத்தான். அவள் ஸ்பீக்கரில் போட்டாள்.

"தங்கச்சி, சின்னப் பிழைதானே, மனசில வைக்காதேங்கோ. நீங்கள் வேலையில நிக்கலாம்."

"ஏசினது எல்லாருக்கும் முன்னால சேர். மன்னிப்பு மட்டும் ஏன் தனிய? நாளைக்குக் கூட்டத்தில சொல்லுங்கோ. நிக்கிறதா இல்லையா எண்டு பிறகு நான் சொல்றன்."

மறுநாள் திரையில் அந்தாள் குனிந்தபடி, "பிழை என்னுடையது" என்றான். எனக்குத் துளிப் பரிதாபமும் வரவில்லை.

அவள் தன் மைக்கைத் திறந்தாள்.

"கேக்கல்ல சேர்," என்றாள். "இன்னொருக்காச் சொல்லுங்கோ."