எதுவரை இலவசம்?

என் மூத்த மகள் பவித்ரா நன்றாகக் கபடி ஆடுவாள். பிளஸ் டூ முடித்ததும், விழுப்புரம் பக்கத்தில் ஒரு தனியார் கல்லூரி கட்டணமே இல்லாமல் அவளைச் சேர்த்துக்கொள்வதாக அழைத்தது. திண்டிவனத்தில் தையல் வேலை செய்யும் எனக்கு அது பெரிய நிம்மதி. வேறெதையும் விசாரிக்காமல், சான்றிதழ்களோடு அவளை அழைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

கல்லூரி அலுவலக வாசலில், முழங்காலில் கட்டுப் போட்ட ஒரு மாணவி அழுதுகொண்டிருந்தாள். என்னம்மா என்று கேட்டேன்.

"நானும் கபடிதாங்க. மேட்ச்ல கால் போச்சு. இனிமே ஆடக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. இப்ப ஃபீஸ் கட்டு, இல்லன்னா டிசி வாங்கிக்கினு போன்னு சொல்றாங்க."

உள்ளே போய், "எம் பொண்ணுக்கு அடிபட்டா என்னங்க பண்ணுவீங்க?" என்று அங்கிருந்த கபடிப் பயிற்சியாளரிடம் கேட்டேன்.

"விளையாடுற வரைக்கும்தாம்மா சலுகை" என்றார், சாதாரணமாக.

பவித்ராவை வீட்டுக்கே அழைத்து வந்துவிட்டேன். கட்டணம் குறைவான வேறொரு கல்லூரியில் சேர்த்தேன். அங்கே கபடி அணி இல்லை.

"எனக்கு அடிபடும்னு நீயே முடிவு பண்ணிட்டியாம்மா?" என்று கேட்டவள், பல நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. நான் செய்தது சரிதானா என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை.

இப்போது, கைப்பந்து ஆடும் சின்ன மகளுக்குக் கல்லூரி தேடுகிறோம். ஆட முடியாமல் போனாலும் இங்கே படிக்கலாமா என்பதைத்தான் எங்கேயும் முதலில் கேட்கிறேன். கேட்பதற்கு முன் அவளை வெளியே நிற்கச் சொல்லிவிடுகிறேன்.