சாக்ஸ் முடிந்த இடம்

தங்கவயலில் யாருக்கு உடம்பில் எங்கே அரித்தாலும் நாங்கள் சைனைடு மேட்டைத்தான் காட்டுவோம். என் கால்களில் சிவப்புப் புள்ளிகள் வந்ததும், அந்தச் சுரங்கக் கழிவுமண் மேட்டின் தூசிதான் என்று அடித்துச் சொன்னேன். மகளை ஒரு மாதம் வெளியே விளையாட விடவில்லை.

பெங்களூர் ரயிலில், நான் சாக்ஸை இறக்கிச் சொறிவதை எதிரே இருந்த நர்ஸம்மா பார்த்தார்.

"இன்னாம்மா, தூசின்னா மூஞ்சில படாதா? சாக்ஸ் இருக்கிற எடத்துல மட்டுந்தானே செவந்திருக்குது?"

செக்யூரிட்டி வேலைக்கு வாங்கிய புது சாக்ஸ், அளவுக்கு மீறிய இறுக்கம். மாற்றினேன், ஒரே வாரத்தில் புள்ளிகள் மறைந்தன.

மகளிடம் சொன்னேன். "அப்போ என்னை எதுக்கும்மா உள்ளயே வெச்சிருந்த?" என்றாள்.

மேட்டின் மேல் எனக்கு இன்றும் கோபம் உண்டு. ஆனால் அவளுடைய அந்த ஒரு மாதத்தைப் பறித்தது மேடு இல்லை, நான்.